வைக்கிற வரி, வெட்டுகிற வரி

காலையில் எழுந்ததும் ஜன்னல் கட்டையைத் துடைக்கிறேன். திருவொற்றியூரில் எந்த ஜன்னலைத் துடைத்தாலும் துணி கறுப்பாகிவிடும். துணியை அலசிக் காயப்போடுகிறேன். பால் காய்ச்சி ஒரு டம்ளர் டீ போடுகிறேன். நேற்றைய சோற்றில் தயிர் ஊற்றிப் பிசைந்து டப்பாவில் அடைக்கிறேன். குளிக்கிறேன். பையில் டப்பா, தண்ணீர் பாட்டில், புத்தகம். தேரடியில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்குகிறேன். உட்கார இடம் கிடைத்தால் உட்கார்ந்து படிக்கிறேன். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டு படிக்கிறேன். அலுவலகத்தில் எனக்கு இறக்குமதிச் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் வேலை. அதில் பெரும்பகுதி காத்திருப்பது. அங்கேயும் படிக்கலாம்.

என் மனைவி செங்கொடி போன ஜனவரியில் இறந்தாள். ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும்போது மணலி சாலையில் டிரெய்லர் லாரி. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. அதன் பிறகு நான் நிறையப் படிக்கிறேன். கையில் புத்தகம் இருந்தால் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

கல்மண்டபத்தில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. ரஷீது பாய் தாம்பூலப் பை அச்சடிக்கிறவர். அவர் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை கூடுவோம். மை வாசனை தலைக்கு ஏறும். வட்டத்துக்கு ஒரே ஒரு விதி. ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறவர் அதில் வைக்கிற வரி ஒன்றும், வெட்டுகிற வரி ஒன்றும் வாசிக்க வேண்டும். ஒன்றை மட்டும் வாசித்துவிட்டு உட்காரக் கூடாது. இந்த விதியைப் போட்டவர் பவுனம்மாள். ரேஷன் கடையில் பில் போடுகிறார். ஐம்பது வயதிருக்கும். அடுத்த ஆளைக் கூப்பிடுவது போலவே அடுத்த புத்தகத்தையும் கூப்பிடுவார்.

ஞாயிறு வர முடியாதவர்கள் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போடுவார்கள். செங்கொடி ஞாயிறும் வருவாள், குரல் பதிவும் போடுவாள். அவள் பேச்சைக் கேட்கவே சிலர் குழுவில் இருந்தார்கள். ஒரு பரிசு பெற்ற நாவலைப் பற்றி அவள் சொன்னது இவ்வளவுதான்: "இந்த புக்குல ஒர்த்தன் பதினஞ்சு பக்கமா ஜன்னல் வயியா பாத்துகினு கீறான். வேலைக்கிப் போ நைனா."

நான் அவள் கணவன் என்ற முறையில் உறுப்பினர். பேசியதில்லை. அவள் போன பிறகும் போய்க்கொண்டிருந்தேன். மூலையில் உட்கார்வேன். யாரும் என் முறை என்று சொல்லவில்லை. பவுனம்மாள்கூட என்னைத் தாண்டி அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்.

பேசவில்லையே தவிர, படித்தவற்றைப் பற்றி எனக்கு அபிப்பிராயங்கள் இருந்தன.

ஒரு நாவல். நான்கு தலைமுறைக் கதை. குடும்பத்தில் யார் செத்தாலும் மழை பெய்கிறது. அப்படிப் பெய்வதானால் எங்கள் பக்கத்துச் சுரங்கப்பாதைகளில் வருடம் முழுக்கப் படகுதான் விட வேண்டும். செங்கொடி செத்த அன்று நல்ல வெயில். பந்தலுக்கு ஆள் கிடைக்காமல் எல்லாரும் எதிர்வீட்டு நிழலில் போய் நின்றார்கள். அந்த நாவலாசிரியர் நிழலைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

இன்னொரு நாவல் வட சென்னையில் நடக்கிறது. எல்லாரிடமும் கத்தி இருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். படித்த பிறகு வீட்டில் கத்தி இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்று இருந்தது. தக்காளிகூட நறுக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற ஓர் அதிகாரியின் தன்வரலாறு. அறுநூறு பக்கத்திலும் அவர் ஒரு தவறும் செய்யவில்லை. எல்லாரும் அவரைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், பிறகு வருந்துகிறார்கள். மாற்றலாகிப் போன ஊரில் கட்டில் மாடிப்படியில் ஏறாமல் சிக்கிக்கொண்டதைப் பற்றி இரண்டு பக்கம் வருகிறது. அது மட்டும் உண்மை. கட்டிலுக்கு அவர் யார் என்று தெரியாது.

கப்பலில் சமையல்காரராக இருந்த ஒருவர் எழுதிய மெல்லிய புத்தகம். அதில் பிடித்த வரி: "அன்றைக்கு வெங்காயம் தீர்ந்துவிட்டது." புயல் அடித்த இரவைப் பற்றிய அத்தியாயம் அப்படித்தான் தொடங்குகிறது. இதைவிட நல்ல தொடக்கத்தை இந்த ஓராண்டில் நான் படிக்கவில்லை.

பிறகு, மனைவியை இழந்த ஒருவரின் நினைவுக் குறிப்புகள். மூன்று பேர் தனித்தனியாக எனக்கு அதையே பரிசளித்தார்கள். ஒன்றைப் படித்தேன். மற்ற இரண்டும் அதேதான். அதில் ஒரு காலை அவர் பழக்கத்தில் இரண்டு கப் காபி போட்டுவிடுகிறார். பலர் அந்த இடத்தில் அழுததாகச் சொன்னார்கள். நான் முதல் நாளிலிருந்தே ஒரு டம்ளர்தான் போட்டேன். அதனால் எனக்கு ஏதோ குறை இருப்பதாக அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது தோன்றியது. புத்தகத்தை மூடிவிட்டு மறுநாள் தொடர்ந்தேன். கடைசியில் மனைவி மருத்துவமனையில் ஒன்றரைப் பக்கம் பேசிவிட்டு இறக்கிறார். நிலவு வருகிறது, பயணம் வருகிறது, மன்னிப்பு வருகிறது. முந்தின பக்கத்தில் அவருக்கு மூச்சுத் திணறல் என்று எழுதியிருக்கிறது.

இந்த ஜனவரியில் நினைவு நாள் வந்தது. ஞாயிறு கூட்டத்தை அவளுக்காக நடத்துவதாகத் தீனா சொன்னான். தீனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கவிதையும் எழுதுவான். குழுவை நிர்வகிப்பவன் அவன்தான். "நீ ஒண்ணியும் செய்யாத மாமு. எல்லாத்தியும் நாங்க பாத்துக்கறோம்" என்றான். நானும் ஒன்றும் செய்யவில்லை.

வியாழக்கிழமை மாலை ரஷீது பாய் கடைக்கு வரச் சொன்னார். போனேன். கல்லாவுக்குப் பின்னால் பெரிய மூட்டைகள்.

"ஒக்காருங்க தம்பி. டீ சொல்லட்டா?"

"வேணாம் பாய்."

"கல்யாணத்துக்குத்தான் பை அடிக்கிறோம். நம்ம பொண்ணு நெனவு நாளுக்கு அடிச்சா இன்னா? வர்றவங்க கையில ஒரு பொருளாச்சும் போவட்டும். நோட்டீஸ் குடுத்தா பஜ்ஜி மடிப்பானுங்க. பை வருசக்கணக்கா இருக்கும். என் கை காசு தம்பி, நீங்க வாயத் தொறக்காதீங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ஒரு பையை எடுத்து உதறி விரித்தார். நல்ல கெட்டித் துணி. ஒரு பக்கம் செங்கொடியின் படம், அலுவலக அடையாள அட்டையில் இருந்தது. அதன் கீழே வட்டத்தின் பெயர். மறுபக்கம், பூ வேலைக்கு நடுவில், பெரிய எழுத்தில்:

"அலைகள் கரையை விட்டுப் போவதில்லை, கரைதான் அலைகளை மறந்துவிடுகிறது." – செங்கொடி

"வரி எடுத்துக் குடுத்தது தீனா" என்றார் பாய். "அவ குரல்லயே கேட்டேன். இன்னாமா சொல்லிகீது பாருங்க. சாவப் போறது முன்கூட்டியே தெரிஞ்ச மாதிரி. எனுக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல."

பையை வாங்கிக்கொண்டேன். நன்றாக இருக்கிறது என்றேன். துணியைச் சொன்னேன்.

வழியில் முருங்கைக்காய் வாங்கினேன். என் பையில் அடங்காததால் அதிலேயே போட்டேன். மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் வரியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். பையைத் திருப்பினேன். படம் வந்தது. அவள் அதையும் பார்த்தாள். நான் தேரடியில்தான் இறங்க வேண்டும், அதுவரை பையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன்.

அந்த வரி செங்கொடியுடையது அல்ல. ஒரு நாவலில் வருகிறது. அதை அவள் வெட்டுகிற வரியாகத்தான் வாசித்தாள்.

நடந்தது இதுதான். போன வருடம் புத்தாண்டு அன்று அவள் குழுவில் இரண்டு குரல் பதிவுகள் போட்டாள். முதலாவதில் அந்த வரி மட்டும். கேலி செய்யும்போது அவள் சிரிக்க மாட்டாள், குரலை இறக்கி, இரங்கல் கூட்டத்தில் பேசுவது போல வாசிப்பாள். இரண்டாவதில் அந்த வரியைப் பற்றிய அபிப்பிராயம். இரண்டுக்கும் நடுவில் குழுவில் வாழ்த்துப் படங்கள் வந்து குவிந்தன. ரோஜாப்பூ, புறா, மெழுகுவர்த்தி. ரஷீது பாய் மட்டுமே ஏழெட்டு அனுப்பியிருப்பார். இரண்டாவது பதிவு அவற்றுக்கு அடியில் போய்விட்டது. அதே வாரம் அவள் இறந்தாள். பிறகு தீனா தேடி எடுத்தது முதலாவதை.

வெள்ளிக்கிழமை தீனாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இன்னா மாமு சொல்ற?" என்றான். கிரேன் இரைச்சல் கேட்டது. "நானே என் காதால கேட்டேன். அயுதுட்டேன் மாமு. கிரேன் மேல ஒக்காந்துகினு அயுதேன். கீய கீறவன் கண்டெய்னர் எறக்குடான்னு கத்தறான்."

"அது நாவல்ல வர்ற வரி. அவ திட்டறதுக்காகப் படிச்சது. அடுத்த பதிவுல திட்டியிருக்கா."

"அட்த்ததா? அட்த்தது ஏது? நான் போன் மாத்திட்டேன், அந்த ஒண்ணத் தவுர பயய மெசேஜ் எதுவும் என்னாண்ட இல்ல. உன்னாண்ட கீதா?"

"இருக்கு."

"அப்ப அனுப்பு. கேட்டுட்டு சொல்றேன்."

அனுப்பவில்லை. அனுப்ப வேண்டுமானால் குழுவில் அவள் பதிவுகள் இருக்கும் இடத்தைத் திறக்க வேண்டும். ஓராண்டாக நான் அவள் பதிவு எதையும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று முடிவு செய்யவில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை தீனாவே கூப்பிட்டான். "மாமு, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. வரி யாருதா இருந்தா இன்னா? சோக்கா கீது. பாய் அவ்ளோ செலவு பண்ணிகீறாரு. பை எல்லாம் அட்ச்சி கட்டியாச்சி. உட்டுடேன். அவளுக்கா தெரியப்போவுது?"

யோசித்தேன். அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. அவளுக்குத் தெரியப்போவதில்லை. பிறகு காசிமேட்டு மீன் மார்க்கெட்டிலும் வண்ணாரப்பேட்டை நெரிசலிலும் வருடக்கணக்கில் அந்தப் பைகள் போய்வருவதை யோசித்தேன். கெட்டித் துணி, சீக்கிரம் கிழியாது. அவளை நேரில் பார்த்திராதவர்கள் எல்லாரும் அவளை இந்த வரியை எழுதியவளாகத்தான் அறிந்திருப்பார்கள். அவள் வாழ்ந்தவரை மோசமான ஒரு வரியைக்கூடச் சும்மா விட்டதில்லை. இந்த ஓராண்டில் எனக்கு எதுவும் வேண்டும் என்று தோன்றியதில்லை. இந்த வரி போக வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிறு காலை மாடியில் வழக்கத்தைவிடக் கூட்டம். செங்கொடியின் அலுவலகத்தில் இருந்தும் சிலர் வந்திருந்தார்கள். நாற்காலி போதாமல் பை மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். தீனா வரவேற்றுப் பேசினான். அலை என்ற சொல் பல தடவை வந்தது. பாய் ஒரு மூட்டையைப் பிரித்து, கையில் ஓர் அடுக்குப் பைகளுடன் எழுந்தார்.

"பாய், கொஞ்சம் இருங்க" என்றேன்.

எல்லாரும் மூலையைப் பார்த்தார்கள்.

"நான் பேசணும்."

பவுனம்மாள் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார். "பேசு. எந்த புக்கு?"

புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். அந்த அலை வரி வருகிற நாவல். "வெட்டற வரி இந்தப் பையில இருக்கு" என்றேன். "செங்கொடி ஏற்கெனவே வெட்டிட்டா. நான் அவளோட அபிப்பிராயத்தைப் போட்டுக் காட்டறேன்."

தீனா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்பது போல. போனை எடுத்தேன். ஜனவரி முதல் தேதிக்குப் போக நேரம் பிடித்தது. ரோஜா, புறா, மெழுகுவர்த்தி எல்லாம் திரையில் ஓடின. ஒலியைக் கூட்டிவிட்டு அழுத்தினேன்.

"கேட்டீங்களா மேல? கரை மறந்துடுதாம்." செங்கொடியின் குரல். நான் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பேசினாள். "இத்த எயுதனவன் நம்ம பக்கம் ஒரு தபா வந்துகிறானா? நம்ம ஊர்ல கரையே இல்ல நைனா. கடலு தின்னுட்சி. கல்லு கொட்டி வெச்சிகீறாங்கோ. கல்லு இன்னாத்த மறக்கும்? இந்த வரிய யாரு வெட்டினாலும் சரி, கத்திரிக்கோல் நான் தரேன். இத்தையும் கேளு, தீனா, நீ இத்த ஸ்டேட்டஸ்ல வெப்ப, எனுக்குத் தெரியும். வெச்ச, மவனே, வூட்டாண்ட வந்து ஒதைப்பேன்."

பின்னால் குக்கர் விசில் அடித்தது. அதற்குப் பிறகு என் குரல் கேட்டது. யார்கிட்ட பேசற என்று கேட்டேன். அவள் பதில் சொல்வதற்குள் பதிவு முடிந்துவிட்டது. நான் அப்படிக் கேட்டது எனக்கு நினைவில் இல்லை.

முதலில் சிரித்தவர் அவள் அலுவலகத்துப் பெண் ஒருவர். பிறகு பவுனம்மாள். பிறகு எல்லாரும். தீனா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"வெச்சேன் மாமு" என்றான் கைக்குள்ளிருந்தே. "ஸ்டேட்டஸ் வெச்சேன். ஒரு வருசமா தெனம் அதான் வெக்கிறேன்."

"ஒதை வாங்காம தப்பிச்சிட்ட" என்றார் பவுனம்மாள்.

ரஷீது பாய் மட்டும் சிரிக்கவில்லை. பை அடுக்கைத் திரும்ப மூட்டை மேல் வைத்தார். மேலே இருந்த பையின் வரியைக் கையால் தடவினார், மை ஒட்டுகிறதா என்று பார்ப்பது போல.

"தம்பி, வியாயக்கிழமையே இத்த சொல்லிருக்கலாம் இல்ல?"

"சொல்ல வரலை பாய்."

"துணி சோக்கா கீதுன்னு சொன்னீங்க."

"துணி நல்லாத்தான் இருக்கு."

அவர் பையை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். "சரி" என்றார். "துணி வீண் இல்ல. வரி மேல கறுப்புப் பட்டை ஒண்ணு ஓட்டிடலாம். பிளாக் அடிச்சா கீய எயுத்து தெரியாது. அது மேல வெள்ளையில வேற எதுனா போடலாம். இன்னா போடறது?"

"ஒண்ணும் வேணாம்" என்றேன். "பட்டையே போதும்."

"அதெப்படி?" என்றார் பவுனம்மாள். "வெட்டிட்டு ஒக்காந்தா ஆச்சா? ரூல் இன்னா? வெக்கிற வரி எங்க?"

"அந்த நாவல்ல வைக்கிற மாதிரி எதுவும் இல்லைக்கா."

"நாவல யாரு கேட்டா? அவளுது சொல்லு. பை அவளுதுதான?"

யாரோ சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்துவிட்டதாகக் கீழேயிருந்து கத்தினார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

எனக்குப் பரிசாக வந்த நினைவுக் குறிப்புகளைப் பற்றிச் சொன்னேன். அதில் மனைவி ஒன்றரைப் பக்கம் பேசிவிட்டுச் சாகிறார், அந்த ஒன்றரைப் பக்கத்தையும் வெட்டலாம் என்றேன். சாகப்போகிறவர்கள் அப்படிப் பேசுவதில்லை, சாகப்போவது அவர்களுக்குத் தெரியாது என்றேன். ஒரே மூச்சில் நான் அந்த மாடியில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

"அப்ப அவ கடைசியா இன்னா சொன்னா?" என்றார் பவுனம்மாள். ரேஷன் கடையில் கேட்கிற குரல்தான். கார்டு இருக்கா என்பது போல.

ஓராண்டில் எல்லாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். லாரிக்காரன் பிடிபட்டானா என்று கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை.

"பையில போடற மாதிரி இல்லைக்கா."

"அத்த பாய் பாத்துப்பாரு. நீ சொல்லு."

ரஷீது பாய் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். பையை முழங்கால் மேல் விரித்துக்கொண்டார். "எத்தினி வார்த்த வரும் தம்பி? எடம் பாத்துக்கணும்."

"கொஞ்சம்தான்" என்றேன்.

அன்று காலை அவள் கீழே தெருவில் ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள், நான் முதல் மாடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஹெல்மெட் போட்டிருந்ததால் அவள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது என்று சொன்னேன். அவள் சொன்னபடி செய்தேன், அதனால் வண்டி தெருமுனையில் திரும்பியதைப் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். தீனா கையை முகத்திலிருந்து எடுத்தான்.

பிறகு அவள் சொன்னதைச் சொன்னேன். பாய் எழுத வசதியாக, நிறுத்தி நிறுத்தி.

"யோவ், பனியன திருப்பிப் போட்டுகினு கீற. தெருவே பாக்குது. உள்ள போ."